கல்லில் உரித்த நார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பொன்முடியின் அடிவாரத்திலே, அகத்தியர் மலைக்குச் செல்வோர் கடந்து போகும் இவ்வித்துராவிலே, தமிழ் பேசும் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடி உறவு கொண்டாடுவது மகிழ்ச்சி தரும் செய்தி. இத்தகைய மேடைகளிலே இலக்கியம் பேசுவதே வழக்கம். அதனைச் செவ்வனே செய்யவல்ல புலவர் பெருமக்கள் எனக்குப் பின்னர்ப் பேச இருக்கிறார்கள். ஆதலின், குடும்பத்தின் நலத்தைத் தொடும் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நம்மிற் பலருடைய தலைக்குமேல் இருக்கின்ற கூரையைப் பற்றியும், அக்கூரைக்குள் மறைந்திருக்கும் ஒரு கனிப்பொருளைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

கல்நார் என்பது யாது?

நடவாத செயலை நடத்திக் காட்டுபவனைக் "கல்லிலே நார் உரிப்பவன்" என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். வாழையிலே நார் உரிக்கலாம். பனை மட்டையிலே நார் உரிக்கலாம். கல்லிலே உரிக்க முடியுமா என்பது அவர்கள் கருத்து. ஆனால் இயற்கை அன்னை அந்த விந்தையையும் செய்தே வைத்திருக்கிறாள். பாறையின் பிளவுகளிலே பஞ்சுபோலப் படிந்து, விரலால் நிமிண்டினால் இழை இழையாகப் பிரிந்து வரும் கற்கள் உண்டு. அவற்றையே ஆங்கிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்பர். அது கிரேக்கச் சொல். அணையாதது என்பது பொருள். நம் தமிழில் கல்நார் என்று பெயர் வைத்தவர், பொருளின் இயல்பையே பெயராக்கி விட்டார்.

கல்நார் என்பது ஒரே கனிப்பொருள் அன்று. ஆறு கனிப்பொருள்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றுள் வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைல் ஒரு குடும்பம். நீலக் கல்நாராகிய குரோசிடோலைட், பழுப்புக் கல்நாராகிய அமோசைட், இன்னும் டிரெமோலைட், ஆக்டினோலைட், ஆந்தோஃபில்லைட் என்னும் ஐந்தும் மற்றொரு குடும்பம். உலகில் வெட்டி எடுக்கப்பட்ட கல்நாரிலே மிகப் பெரும் பங்கு வெள்ளைக் கல்நாரே. இன்று வாணிகத்தில் எஞ்சி நிற்பதும் அதுவே.

இப்பொருள் நெருப்பில் எரியாது, எளிதில் அமிலத்தில் கரையாது, இழுத்தால் அறாது, துணியாக நெய்யலாம், கயிறாகத் திரிக்கலாம், விலையோ மலிவு. இத்தனை குணங்களும் ஒரு பொருளிடத்தே அமைந்தால் தொழில் உலகம் அதனை விடுமா? கொதிகலன்களுக்குப் போர்வையாகவும், கப்பல்களின் குழாய்களுக்கு உறையாகவும், மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டையாகவும் அதனைப் பயன்படுத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் ஹாட்செக் என்னும் ஆஸ்திரிய நாட்டவர், சிமெண்டோடு கல்நாரைக் கலந்து மெல்லிய தகடாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் வழிவந்ததே, நாம் சிமெண்டு ஷீட்டு என்றும் ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு என்றும் அழைக்கும் அலைத்தகடு. பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கல்நார். மற்றது பெரும்பாலும் சிமெண்டு.

இந்தியாவில் இத்தகட்டுத் தொழில் 1934-இல் மத்தியப் பிரதேசத்துக் கைமோரில் வேரூன்றியது. பின்னர் நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலும், 1967-இல் அரக்கோணத்திலும் ஆலைகள் எழுந்தன. ஓலைக் கூரை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியது, தீப்பிடிக்க வல்லது. ஓட்டுக் கூரைக்கு மரச்சட்டம் பல வேண்டும். சிமெண்டுத் தகட்டுக்கோ நாலைந்து கம்புகள் போதும், ஒரே நாளில் வீடு வேய்ந்துவிடலாம், மழைக்கு ஒழுகாது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பை முதலாளிமீது சுமத்தியது. விரைவாகவும் மலிவாகவும் கூரை அமைக்க விரும்பியோர்க்கு இத்தகடு கைகொடுத்தது. லயங்களிலும், காலனிகளிலும், பள்ளிக்கூடங்களிலும், கோழிப்பண்ணைகளிலும் அது பரவியதற்குக் காரணம் இதுவே. ஏழைக்கு அது வசதி செய்து கொடுத்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

தூசியும் காலமும்

அப்படியானால் தீங்கு எங்கே இருக்கிறது? கல்நாரைத் தொட்டால் நஞ்சேறுவதில்லை. அது பாம்பைப்போல் கடிப்பதில்லை. கிருமியைப்போல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. தீங்கு முழுவதும் அதன் தூசியிலே இருக்கிறது. கல்நாரை உடைத்தாலும், அறுத்தாலும், துளைத்தாலும், தேய்த்தாலும் அது பிளந்து பிளந்து மேலும் மெல்லிய இழைகளாகிறது. நுரையீரலின் அடிவரைக்கும் செல்லும் இழை, நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கோ அதனினும் குறைந்ததோ ஆகும். அது கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, தும்மலும் வராது. காற்றிலே நெடுநேரம் மிதந்து நின்று மூச்சோடு உள்ளே போகிறது.

நம் உடம்பிலே தூசியை விழுங்கி அகற்றும் காவல் அணுக்கள் இருக்கின்றன. மண் தூசி போனால் அவை பெரும்பாலும் சமாளித்துக் கொள்கின்றன. ஆனால் இந்த இழையோ ஊசிபோல் நீண்டது. காவல் அணு அதனை முழுவதும் விழுங்க மாட்டாமல் தானே சிதைகிறது. சிதையும்போது சுற்றியுள்ள தசையைப் புண்ணாக்குகிறது. புண் ஆறித் தழும்பாகிறது. தழும்பின்மேல் மீண்டும் புண். இவ்வாறு பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், ஆண்டுகள் செல்லச் செல்லத் தோல்போல் இறுகிவிடுகிறது. இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ் எனப்படும் கல்நார் நோய். மேடு ஏறினால் மூச்சு வாங்குதல், வறட்டு இருமல், நாளடைவில் விரல் நுனிகள் உருண்டு தடித்தல் ஆகியன அதன் அடையாளங்கள். இறுகிய நுரையீரலை மீண்டும் இளக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இதனினும் கொடியவை இரண்டு உள. ஒன்று நுரையீரற் புற்றுநோய். மற்றொன்று மீசோதெலியோமா என்பது. நுரையீரலையும் வயிற்றின் உள்ளுறுப்புக்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலே தோன்றும் புற்றுநோய். குரல்வளையிலும் பெண்களின் சினைப்பையிலும் புற்றுநோய் உண்டாவதற்கும் கல்நார் காரணமாவதை அறிவியலார் உறுதிசெய்திருக்கின்றனர். வெள்ளை, நீலம், பழுப்பு என்னும் வேறுபாடின்றி எல்லா வகைக் கல்நாரும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவையே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தொழிலிடத்தில் கல்நாருக்கு ஆட்பட்டதனால் உலகில் ஆண்டொன்றுக்கு 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது.

இங்கே நீங்கள் மறவாமல் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேள் கொட்டினால் அப்போதே வலிக்கிறது. ஆதலால் மனிதன் தேளுக்கு அஞ்சுகிறான். கல்நார்த் தூசியோ இன்று உள்ளே போனால், நோய் தலைகாட்ட இருபது ஆண்டும் ஆகலாம், நாற்பது ஆண்டும் ஆகலாம். மீசோதெலியோமா ஐம்பது ஆண்டு கழித்து வந்ததும் உண்டு. இருபது வயதில் ஆலையில் மூன்றாண்டு வேலை பார்த்தவன், பின்னர் ஊர் மாறி, தொழில் மாறி, பேரன் பேத்தி எடுத்த பிறகு படுக்கையில் விழுகிறான். மருத்துவரும் பழைய வேலையைக் கேட்பதில்லை. நோயாளிக்கும் அதனைச் சொல்லத் தோன்றுவதில்லை. நிழற்படத்தைப் பார்த்துக் காசநோய் என்று மயங்குவதும் நேர்கிறது. செத்தவன் எதனால் செத்தான் என்பதே தெரியாமற் போகிறது. இந்நோய்க்கு வலிமை தருவது தூசி மட்டுமன்று. மனிதனின் மறதியும் அதற்குத் துணை நிற்கிறது.

உலகம் கற்ற பாடம்

இவ்வுண்மையை உலகம் எவ்வாறு அறிந்தது என்பதைச் சுருங்கச் சொல்வேன். இங்கிலாந்திலே ராச்டேல் என்னும் நகரில் நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி, சிறு வயது முதலே கல்நார் நூற்கும் ஆலைகளில் வேலை செய்தார். நோயுற்று 1922-இல் வேலையை விட்டார். கல்நாரால் வந்த நோய் என்று மருத்துவர் எழுதியதால், தொழிலால் வந்த நோய்க்கு உதவி தர இயலாது என்று நலநிதியார் கைவிரித்தனர். அப்படியொரு நோயே இல்லை என்று ஆலையார் கைவிரித்தனர். 1924-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 33-ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் என்னும் மருத்துவர் கல்நார் இழைகளை அதிலே கண்டு உலகிற்கு எழுதினார். நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று 1927-இல் பெயரிட்டவரும் அவரே. 1930-இல் வந்த அரசாங்க அறிக்கை, ஆராயப்பட்ட தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. 1931-இல் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன.

1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்பாரும் அவர் தோழர்களும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களிற் சிலர் சுரங்கத்தில் இறங்கியவரே அல்லர்; நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அருகே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள். 1965-இல் லண்டன் நகரத்தில் நடந்த ஆராய்ச்சியிலே, ஆலைக்குச் செல்லாமல், ஆலைத் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததனால் மட்டுமே இந்நோய் கண்டவர்கள் இருந்தனர். கணவன்மாரின் வேலைத் துணியை உதறித் துவைத்த மனைவியர் அவர்களுள் அடங்குவர். தாய்மார்களே! வேலைக்களத்துத் தூசி, துணியிலே ஒட்டிக்கொண்டு நம் அடுக்களை வரைக்கும் வரும் என்பதை இதனால் அறிந்துகொள்ளுங்கள்.

மற்றொரு நிகழ்ச்சியை நான் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே நியூயார்க்கு வட்டாரத்தில் குழாய்களுக்குக் கல்நார் உறை போடும் தொழிலாளர்க்கு ஒரு சங்கம் இருந்தது. அச்சங்கத்தார் தம் உறுப்பினர் பட்டியலை ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். இர்விங் செலிக்காஃப் என்னும் மருத்துவர் அப்பட்டியலை வாங்கி, 1943-க்கு முன்னரே தொழிலில் சேர்ந்திருந்த 632 பேரும் என்ன ஆனார்கள் என்று ஒருவர் விடாமல் தேடினார். நுரையீரற் புற்றுநோயால் அவர்களில் இறந்தோர் தொகை, இயல்பாக எதிர்பார்க்கத் தக்கதைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பது 1964-இல் உலகிற்குத் தெரிந்தது. அவ்வுண்மை வெளிப்படுவதற்கு, ஏழைத் தொழிலாளர் சங்கத்தின் பெயர்ப் பதிவேடு அடிப்படையாயிற்று. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்; முடிவிலே இதற்கு மீண்டும் வருவேன்.

இப்பாடங்களைக் கற்ற நாடுகள் ஒவ்வொன்றாகக் கல்நாரை விலக்கின. பிரிட்டன் 1999-இலும், ஆஸ்திரேலியா 2003-ஆம் ஆண்டின் இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலும் தடைசெய்தன. ஒரு காலத்தில் உலகிற்கே கல்நார் விற்ற கனடா 2018-இல் தடைசெய்தது. அந்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் கொண்ட ஊர் ஒன்று இருந்தது; அவ்வூர் மக்கள் 2020-இல் வாக்களித்துத் தம் ஊரின் பெயரையே மாற்றிக் கொண்டார்கள். அமெரிக்கா 2024-இல் வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதித்தது.

நம் நாடும் அண்டை நாடும்

நம் நாட்டின் நிலை என்ன? கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை கொடுப்பதை இந்திய அரசு 1986-இலேயே நிறுத்திவிட்டது. ஆனால் இறக்குமதி நிற்கவில்லை. அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 3 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கல்நார், ரஷியா, கசகஸ்தான், பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து வந்து இறங்குகிறது. பிரேசிலின் உச்சநீதிமன்றம் 2017-இல் தம் நாட்டுக்குள் தடை விதித்த பொருளே இங்கு வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தகடு செய்வோர் ஒரு வாதம் கூறுவர். வெள்ளைக் கல்நார் மற்றவற்றைவிட விரைவில் உடம்பை விட்டு நீங்கும்; அதுவும் சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது; ஆலைக்குள் தக்க காவலோடு கையாண்டால் தீங்கில்லை என்பது அவ்வாதம். இதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. முழுதாகவும் உறுதியாகவும் இருக்கும் தகடு, சும்மா இருக்கும் வரையில் மிகக் குறைந்த தூசியையே விடுகிறது. ஆனால் தகடு ஆலையிலேயே இருந்துவிடுவதில்லையே! லாரியில் ஏறுகிறது, கூரை வேய்பவன் வாளால் அறுக்கிறான், ஆணிக்குத் துளை போடுகிறான், மழையும் வெயிலும் மேற்பரப்பை அரிக்கின்றன, காற்றிலே மரக்கிளை விழுந்து நொறுக்குகிறது, பழைய வீட்டை இடிப்பவன் சம்மட்டியால் அடிக்கிறான். காவலும் மேற்பார்வையும் ஆலை வாயிலோடு நின்று விடுகின்றன. தூசியோ வாயிலைக் கடந்து வருகிறது. அத்தூசியை முகத்தில் வாங்குபவன் பெரும்பாலும் நாட்கூலிக்காரன். அதிலும் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவன்.

அண்டை நாடாகிய இலங்கையில் நடந்ததொன்று தேயிலையோடு வாழும் நமக்கு உறைக்கத்தக்கது. 1964-ஆம் ஆண்டின் சிரிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு அங்கிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள், இங்கே புனலூரை அடுத்த ரப்பர்த் தோட்டங்களிலும் குடியேறி வாழ்கின்றன. அக்குடும்பங்களோடு உறவு கொண்டவர்கள் இவ்வவையிலும் இருக்கலாம். இலங்கை அரசு, 2018 சனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக நிறுத்துவதென்று முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கொன்றில் வண்டு ஒன்று காணப்பட்டதென்று சொல்லி, ரஷியா இலங்கைத் தேயிலை முழுவதற்கும் தடை போட்டது. ரஷியா இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடு. இலங்கைக்குக் கல்நாரை விற்கும் நாடும் அதுவே. சில நாட்களிலேயே இலங்கை அரசு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. அம்மாத முடிவிலேயே தேயிலைத் தடையும் நீங்கிற்று. இவ்விரண்டிற்கும் தொடர்புண்டு என்றே பன்னாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. கொழுந்து கிள்ளும் கைகளின் உழைப்பு, அக்கைகளுக்கு உரியவர்கள் மூச்சுவிடும் காற்றுக்கு எதிராகத் தராசில் நிறுத்தப்பட்டது. நாடுகளின் வாணிகத்திலே ஏழையின் நுரையீரலுக்கு என்ன விலை என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

நம் கேரளத்தில் நல்ல முயற்சி ஒன்று நடந்தது. மாநில மனித உரிமை ஆணையம் 2009 சனவரியில், பள்ளிக்கூடங்களின் கல்நார்க் கூரைகளைப் படிப்படியாக ஓட்டுக் கூரைகளாக மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. இளம் பிள்ளைகளுக்கு முன்னே நீண்ட வாழ்நாள் இருக்கிறது. நாற்பது ஆண்டு காத்திருந்து வரும் நோய்க்கு அவர்களே எளிய இரை. ஆகவே பள்ளியிலிருந்து தொடங்கியது முறையே.

சட்டமும் சான்றும்

தொழிலாளர்க்குச் சட்டம் காவல் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். கல்நார் நோய், தொழிலால் வரும் நோயாகச் சட்டத்தில் இடம் பெற்றே இருக்கிறது, இழப்பீட்டுக்கும் வழியுண்டு. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி நடுவத்தார் தொடுத்த வழக்கில், இந்திய உச்சநீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. உடல்நலத்துக்கான உரிமை, உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும், அவன் வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டு வரையிலோ, வேலையை விட்டபின் 15 ஆண்டு வரையிலோ, எது பிந்தியதோ அதுவரையில் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயுற்றதாகச் சான்று பெற்றவர்க்கு 1 இலட்ச ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் கட்டளையிட்டது. முழுத்தடை வேண்டுமென்று பின்னர் வந்த மனுவை 2011-இல் அந்நீதிமன்றம் ஏற்கவில்லை; எனினும் பழைய கட்டளைகளைப் பின்பற்றுமாறு மீண்டும் வலியுறுத்தியது.

நாற்பது ஆண்டு ஏட்டைப் பேண வேண்டும் என்று நீதிபதிகள் ஏன் சொன்னார்கள்? நோய் நாற்பது ஆண்டு காத்திருந்து வரும் என்பதனால் அன்றோ! ஆனால் ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு ஏடு இருக்கும். ஒப்பந்தக்காரன் கீழே வேலை செய்தவனுக்கு ஏது ஏடு? கூரை வேய்ந்தவனுக்கும், கட்டடம் இடித்தவனுக்கும், பட்டறையிலே பழைய பிரேக் பட்டையைத் தேய்த்துக் காற்றடித்துத் துடைத்தவனுக்கும், கப்பல் உடைக்கச் சென்றவனுக்கும் சம்பளச் சீட்டாவது கையில் இருக்குமா? நம்மவர் ஓர் ஊரிலே பிறந்து, மற்றோர் ஊரிலே உழைத்து, மூன்றாவது ஊரிலே முதுமை அடைகிறவர்கள். சான்று இல்லாத உழைப்பாளிக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. நெல்லி கெர்ஷாவின் கதை நூறு ஆண்டுக்குப் பின்னும் நம்மிடையே நடப்பதற்கு இது ஒன்றே போதும்.

நாம் செய்யத் தக்கவை

இவற்றைக் கேட்டு இன்றிரவே கூரையின்மேல் ஏறித் தகடுகளைப் பெயர்த்து எறிந்துவிடாதீர்கள். அச்சத்தால் செய்யும் அவசரச் செயல்தான் மிகுந்த தூசியைக் கிளப்பும். நல்ல நிலையில் இருக்கும் தகட்டை இருக்கிறபடியே விடுங்கள். அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பாசி படிந்தால் கம்பித் தூரிகையால் உலரத் தேய்க்காதீர்கள். இயன்றால் தக்க வண்ணம் பூசி மேற்பரப்பைக் காத்துக் கொள்ளலாம். பழைய தகடு ஆளின் எடையைத் தாங்காது. அதன்மேல் கால் வைத்து விழுந்து இறந்தவர் பலர் என்பதையும் மறவாதீர்கள்.

பெருங்காற்றில் தகடு உடைந்தால், உடைந்த துண்டுகளை முதலில் நீரால் நன்றாக நனையுங்கள். நனைந்த துண்டுகளை மேலும் நொறுக்காமல் எடுத்து, கனமான பாலித்தீன் உறையில் இரட்டையாகக் கட்டுங்கள். விளக்குமாறு கொண்டு உலரப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து அத்துணியையும் அவ்வுறையிலேயே இடுங்கள். துண்டுகளை வழிநடைக்குப் பரப்புவதும், அடுப்பைச் சுற்றி மறைப்பாக வைப்பதும், பிள்ளைகள் சில்லுக் கோடு கிழித்து விளையாட விடுவதும் கூடா. இக்கழிவை எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சி அலுவலகத்தில் தனியாள் கேட்பதைவிடச் சங்கத்தின் பெயரால் எழுத்து மூலம் கேட்பது நலம். கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துக் குடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கல்நார் வயிற்றுக்குள் போவதால் தீங்கு உண்டென்பதற்கு உறுதியான சான்று இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாம் அஞ்ச வேண்டியது மூச்சையே.

வேலைக்களத்தில் இத்தூசியோடு பழகுவோர், முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதுமென்று நினைத்தல் தவறு. அவ்விழை துண்டின் கண்ணிகளுக்குள் எளிதில் புகுந்துவிடும். தூசி காப்பதற்கென்றே செய்த முகமூடியை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். அறுக்கும் இடத்தில் நீர் தெளியுங்கள். வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள். தனியே நனைத்துத் துவையுங்கள். பீடி, சிகரெட்டுப் பழக்கம் உடையவர்க்கு ஒரு சொல்: புகையாதவரும் கல்நாரை அறியாதவருமான ஒருவரோடு ஒப்பிட்டால், கல்நார்த் தொழிலாளிக்கு நுரையீரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு, புகைப்பவர்க்கு 10 மடங்கு, கல்நாரும் புகையும் கூடினால் 50 மடங்கு. 1979-இல் அமெரிக்கத் தொழிலாளரிடையே கண்ட கணக்கு இது. உள்ளே போன இழையை எடுக்க முடியாது; பீடியை எறிய முடியும்.

மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்று மருத்துவரிடம் செல்லும்போது, கேட்டாலும் கேளாவிட்டாலும், "நான் இன்ன ஆண்டில் இன்ன வேலை பார்த்தேன், அங்கே இத்தூசி இருந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் மருத்துவர்க்கு வழி காட்டும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், மண்டலப் புற்றுநோய் நடுவமும் நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன.

முடிவாக, சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நியூயார்க்குத் தொழிலாளர் சங்கத்தின் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். அத்தகைய பதிவேடு ஒன்றை நம் சங்கமும் தொடங்க வேண்டும். நீண்ட கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நம் காலனிக் குடும்பங்களில் கல்நாரோடு வேலை செய்தவர் யார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எவ்வூரில், எத்தகைய வேலை, உடன் வேலை செய்தோர் யார் என்பவற்றை, அவரவர் இசைவு பெற்று எழுதி வைக்க வேண்டும். படித்த பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பாட்டன்மாரிடம் கேட்டு எழுதட்டும். பழைய அடையாளச் சீட்டோ, சம்பளத் துண்டோ பெட்டியடியில் கிடந்தால் அதன் நகலையும் ஒட்டி வைக்கட்டும். இருபது ஆண்டு கழித்து ஒரு முதியவர் மருத்துவமனை வாயிலிலோ இழப்பீட்டு அலுவலகத்திலோ நிற்கும்போது, "இவர் எங்களவர், இன்ன இடத்தில் உழைத்தவர்" என்று சொல்ல ஓர் ஏடு இருக்கும். பிறந்த ஊரைவிட்டு வந்தவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்க்கு, இதனைவிடச் சிறந்த விடை எனக்குத் தோன்றவில்லை.

கல்லில் நார் உரித்த மனிதன் அதன் பயனை அன்றே பெற்றான். அதன் விலையைப் பின்னாளில் அவன் மக்கள் கொடுக்கிறார்கள். இனியேனும் அந்த விலையை நம் பிள்ளைகள் கொடாதிருக்க, தூசி எழாமல் காப்போம். எழுந்த தூசியின் கணக்கை மறவாமல் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு விழா மலர் வெளிவரும்போது, அப்பதிவேட்டில் எத்தனை பெயர்கள் ஏறின என்பதைச் செயலாளர் அறிக்கையிலே படிக்கும் பேறு எனக்குக் கிட்டுமென்று நம்புகிறேன்.